பொதுநிலையினர் சபைக்கு ஒரு யாப்பு: உறுப்பினர் சேர்ப்பு முதல் தலைவர் மாற்றம் வரை

கத்தோலிக்கப் பங்கில் புதிதாக ஒரு குழு தொடங்குவது கடினமல்ல. தவக்காலத் தியானம் முடிந்த சூட்டோடு பத்துப் பதினைந்து பேர் செபமாலைக்குக் கூடுவார்கள். சில மாதங்களில் பதாகை வந்துவிடும், ஒரே நிறச் சேலை வந்துவிடும், தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மூன்று பெயர்களும் வந்துவிடும். வராமலே இருப்பது யாப்பு, அதாவது குழுவின் எழுதப்பட்ட விதிகள். "நமக்குள் எதற்குச் சட்டம், எல்லோரும் ஒரே பங்குதானே" என்று அதைத் தள்ளிப்போடுவார்கள். பிறகு தலைவர் கதிரையை விட மறுக்கும்போதோ, திருவிழாக் காசுக்கு ஒருவர் கணக்குக் கேட்கும்போதோ, பிடித்துக்கொள்ள ஒரு வரிகூட எழுத்தில் இருக்காது. வழக்கு பங்குத்தந்தையின் மேசைக்குப் போகும். அவர் எதைச் சொன்னாலும் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார் என்று மறுபக்கம் சொல்லும்.

திருகோணமலை மறைமாவட்டப் பங்குகளில் பொதுநிலையினர், அதாவது குருக்களோ துறவிகளோ அல்லாத இறைமக்கள், கூடிச் செபிக்கவும் பணி செய்யவும் அமைக்கும் குழுக்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நகரத்துப் பேராலயப் பங்கானாலும், பாலையூற்றானாலும், மூதூரானாலும் அடிப்படை ஒன்றுதான். யாப்பில் நாற்பது விதிகள் தேவையில்லை. இரண்டு விடயங்களில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: உறுப்பினராவது மெதுவாக நடக்க வேண்டும், தலைவர் இறங்குவது தேதி குறித்து நடக்க வேண்டும். பெரும்பாலான குழுக்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. வந்த அன்றே உறுப்பினர், வாழ்நாள் முழுக்கத் தலைவர்.

1. புதிதாகத் தொடங்கத்தான் வேண்டுமா?

யாப்பு எழுத உட்காருவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. நீங்கள் செய்ய விரும்புவதை ஏற்கெனவே ஓர் அமைப்பு செய்துகொண்டிருக்கலாம். வீடு வீடாகச் சென்று மக்களைச் சந்தித்துச் செபிக்க விரும்பினால் மரியாயின் சேனை இருக்கிறது. 1921 செப்டெம்பர் 7 அன்று டப்ளினில் தொடங்கிய அமைப்பு அது. ஏழைக் குடும்பங்களுக்கு உதவுவது நோக்கமென்றால் 1833இல் பாரிசில் பிரெடெரிக் ஓசானாமும் நண்பர்களும் தொடங்கிய புனித வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிறது. புனித பிரான்சிசின் வழியில் வாழ்நாள் அர்ப்பணத்தை நாடுகிறவர்களுக்குப் பிரான்சிஸ்கன் பொதுநிலையினர் சபை, பழைய பெயரில் மூன்றாம் சபை, இருக்கிறது. அதன் தற்போதைய ஒழுங்கைத் திருத்தந்தை ஆறாம் பவுல் 1978இல் அங்கீகரித்தார். இஞ்ஞாசியாரின் ஆன்மீகம் பிடித்தவர்களுக்குக் கிறிஸ்தவ வாழ்வுக் குழுமம் உண்டு. 1563இல் உரோமைக் கல்லூரியில் தொடங்கிய மரியன்னை சபைகளின் தொடர்ச்சி அது. இயேசு சபையினர் நெடுங்காலம் பணியாற்றிய மறைமாவட்டம் இது என்பதால் அந்த மரபு இங்கே அந்நியமானதல்ல.

இவற்றில் ஒன்றின் கிளையாகத் தொடங்கினால் யாப்பு எழுதும் வேலையே உங்களுக்கில்லை. அவர்களின் கைநூலே உங்கள் சட்டம். அதை உங்கள் வசதிக்கு வளைக்க முடியாது. மரியாயின் சேனையில் பிரசீடியம் எனப்படும் அடிமட்டக் குழுவின் பொறுப்பாளர்களை உறுப்பினர்கள் வாக்களித்துத் தெரிவதில்லை, மேல்மட்டக் குழுவான கூரியா நியமிக்கிறது என்பதைப் பலர் சேர்ந்த பிறகுதான் அறிகிறார்கள். "எங்கள் பங்கு வழக்கம்" என்று சொல்லி அங்கே தேர்தல் நடத்த இயலாது. அது பிடிக்காதென்றால் வேறு அமைப்பைத் தேடுங்கள்.

இருப்பவற்றில் எதுவும் பொருந்தவில்லை என்று உறுதியான பின்னரே புதிய அமைப்பு. அதற்கான உரிமை உங்களுக்கு உண்டு. 1965இல் வெளியான பொதுநிலையினர் திருத்தூதுப் பணி பற்றிய இரண்டாம் வத்திக்கான் சங்க ஏடும், 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டக் கோவையின் இலக்கம் 215உம் இறைமக்கள் தாமாகவே அமைப்புகளை நிறுவலாம், நடத்தலாம் என்று சொல்கின்றன. ஆயரின் அனுமதி கிடைக்கும்வரை கூடிச் செபிக்கவே கூடாது என்று நினைப்பது தவறு. ஆனால் பெயரில் "கத்தோலிக்க" என்ற சொல்லைச் சேர்க்க உரிய அதிகாரியின் இசைவு வேண்டும் என்கிறது இலக்கம் 300. இறப்பர் முத்திரையும் கடிதத் தலைப்பும் அடிக்கும் முன் இதைக் கவனியுங்கள்.

2. பொது அமைப்பா, தனிப்பட்ட அமைப்பா?

சட்டக் கோவை இரண்டு வகை காட்டுகிறது. ஆயர் தாமே ஆணையால் நிறுவுவது பொது அமைப்பு. அது திருச்சபையின் பெயரால் செயற்படும். பொதுவாக, தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரை ஆயர் உறுதிப்படுத்த வேண்டும். ஆண்டுதோறும் கணக்குக் கொடுக்க வேண்டும். உறுப்பினர்கள் தமக்குள் உடன்பட்டு அமைப்பது தனிப்பட்ட அமைப்பு. அதன் யாப்பை உரிய அதிகாரி பார்வையிட்டால்தான் திருச்சபைக்குள் அங்கீகாரம் கிடைக்கும் (இலக்கம் 299). தலைவரையும் பொறுப்பாளர்களையும் யாப்பின்படி சுதந்திரமாகத் தெரிந்துகொள்ளலாம் (இலக்கம் 324).

பங்கு மட்டத்தில் தொடங்கும் குழுவுக்கு இரண்டாவதே போதும். முதலில் சில ஆண்டுகள் ஒழுங்காக நடந்து காட்டுங்கள். ஆணை பிறகு வரலாம்.

பழைய குழுவைப் புதுப்பிக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 1893இல் உருவான திருகோணமலை மறைமாவட்டம் 1967இல் திருகோணமலை-மட்டக்களப்பு என்று பெயர் மாறியது. 2012இல் மட்டக்களப்புத் தனி மறைமாவட்டமானது. அலுமாரியில் கிடக்கும் பழைய யாப்பில் "மறைமாவட்டச் சபை" என்று இருப்பது மட்டக்களப்பையும் சேர்த்து எழுதியதாக இருக்கக்கூடும். அதிகாரம் யாரிடம், பிரதிநிதிகள் எத்தனை பேர் என்ற வரிகளை முதலில் திருத்துங்கள்.

3. யாப்பில் இருக்க வேண்டியவை

இலக்கம் 304 கேட்பது சிலவற்றைத்தான்: நோக்கம், தலைமையிடம், நிர்வாகம், உறுப்பினராவதற்கான தகைமைகள், செயற்படும் முறை. பெயர் காலத்துக்கும் இடத்துக்கும் பொருந்தியதாக, நோக்கத்திலிருந்து பிறந்ததாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

நோக்கத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "இறைப்புகழ், சமூக முன்னேற்றம், கல்வி, கலாசாரம், அனர்த்த நிவாரணம்" என்று அடுக்கினால் யாரும் எதற்கும் பொறுப்பில்லை. "நோயுற்றோரையும் தனித்து வாழும் முதியோரையும் வாரந்தோறும் வீடுகளில் சந்தித்து அவர்களோடு செபித்தல்" என்று எழுதினால், கூட்டத்தில் ஒருவர் எழுந்து "இந்த வாரம் யார் போனீர்கள்?" என்று கேட்க முடியும். கேட்க முடியாத நோக்கத்தை எழுதிப் பயனில்லை.

4. உறுப்பினர் சேர்ப்பு: மூன்று கட்டங்கள்

பழைய அமைப்புகள் எல்லாவற்றிலும் இதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. மரியாயின் சேனையில் குறைந்தது மூன்று மாதத் தகுதிகாண் காலம் முடிந்த பின்னரே வாக்குறுதி. பிரான்சிஸ்கன் பொதுநிலையினர் சபையில் அறிமுகக் காலம், பின்னர் குறைந்தது ஓராண்டு உருவாக்கம் (பயிற்சி), அதன் பின் அர்ப்பணம். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தற்காலிக அர்ப்பணம் எடுத்தாலும் அந்தக் காலம் மொத்தம் மூன்று ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. நூற்றாண்டுக் கணக்கில் மனிதரோடு பழகியவர்கள் கண்டுபிடித்த ஒழுங்கு இது. உங்கள் குழு சிறியது என்பதற்காக இதைச் சுருக்காதீர்கள்.

முதற் கட்டம் விருந்தினர். யாரும் வரலாம், உட்காரலாம், செபிக்கலாம். படிவம் வேண்டாம், சந்தா வேண்டாம், வாட்ஸ்அப் குழுவிலும் சேர்க்க வேண்டாம். இரண்டு மூன்று மாதம் போகட்டும். ஆர்வத்தில் வந்தவர், அயலவரோடு கோபித்துக்கொண்டு வந்தவர், தன் மகளுக்கு வரன் தேடி வந்தவர் எல்லோரும் இந்தக் காலத்தில் தாமாகவே தெளிவார்கள்.

இரண்டாம் கட்டம் பயிலுநர். எழுத்தில் ஒரு விண்ணப்பம் வாங்குங்கள். நிர்வாகக் குழு கூடி முடிவு செய்து தேதியோடு பதிவேட்டில் எழுதட்டும். விண்ணப்பத்தை ஏற்பது தலைவர் ஒருவரின் வேலையாக இருக்கக் கூடாது. தலைவர் சேர்த்த ஆட்கள் தலைவருக்கே வாக்களிப்பார்கள். இந்தக் கட்டத்துக்கு ஓராண்டு வேண்டும். அனுபவமுள்ள உறுப்பினர் ஒருவர் பயிலுநருக்குத் துணையாக இருக்கட்டும். திருவிவிலிய வாசிப்பு, அருட்சாதனங்கள், அமைப்பின் நோக்கம், யாப்பு ஆகிய நான்கையும் மாதம் ஒரு தடவையாவது உட்கார்ந்து பேச வேண்டும். யாப்பை ஏன் சேர்க்கிறேன் என்றால், அதை வாசித்த ஒரே ஆள் செயலாளராக இருக்கும் குழுக்கள் அநேகம். பயிலுநர் பணிக்குப் போகலாம், கூட்டத்தில் பேசலாம்; வாக்களிக்க முடியாது.

மூன்றாம் கட்டம் வாக்குறுதி. திருப்பலியிலோ செபக் கூட்டத்திலோ, சமூகத்தின் முன்னிலையில். இது துறவற வார்த்தைப்பாடு அல்ல, ஒருவரின் திருமணக் கடமைகளையோ தொழிலையோ இது மீறாது என்று யாப்பிலேயே எழுதுங்கள். மாதிரி வாசகம்:

"பயிற்சிக் காலத்தை நிறைவுசெய்து, நிர்வாகக் குழுவின் இசைவைப் பெற்று, சமூகத்தின் முன் வாக்குறுதி அளித்தவரே முழு உறுப்பினர். வாக்குறுதி ஓராண்டுக்குரியது. ஒவ்வோர் ஆண்டும் ஆண்டுப் பொதுக்கூட்ட நாளில் அதைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காதவர் குற்றம் எதுவுமின்றி விலகியவராகக் கருதப்படுவார்."

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். சண்டை போடாமல் வெளியே போக ஒரு வழி இருந்தால், சண்டை போட்டுக்கொண்டு உள்ளே இருப்பவர்கள் குறைவார்கள்.

5. யாரைச் சேர்க்கலாம்?

பிரான்சிஸ்கன் பொதுநிலையினர் சபையின் பொது யாப்பு இதைச் சுருக்கமாகச் சொல்கிறது: கத்தோலிக்க நம்பிக்கையை அறிக்கையிடல், திருச்சபையோடு ஒன்றிப்பில் வாழ்தல், நன்னடத்தை, அழைத்தலின் தெளிவான அடையாளம். இந்த நான்கையும் உங்கள் யாப்பிலும் வைக்கலாம். கத்தோலிக்க நம்பிக்கையை வெளிப்படையாக மறுத்தவரையோ, விதிக்கப்பட்ட அல்லது அறிவிக்கப்பட்ட திருச்சபை நீக்கத்துக்கு உட்பட்டவரையோ பொது அமைப்பில் செல்லுபடியாகச் சேர்க்க முடியாது என்பது இலக்கம் 316.

திருகோணமலையில் கேள்வி அங்கே எழாது. இங்கே ஒரே வீட்டில் ஒருவர் கோணேசர் கோயிலுக்கும் ஒருவர் மரியாள் பேராலயத்துக்கும் போவது புதுமையல்ல. கத்தோலிக்க மனைவியோடு செபமாலைக்கு வந்து உட்காரும் இந்துக் கணவரை என்ன செய்வது? நோயாளர் சந்திப்புக்கு வண்டி ஓட்டித் தரும் முஸ்லிம் நண்பரை எப்படி அழைப்பது? நண்பர்கள் என்று ஒரு பிரிவை வையுங்கள். செபத்துக்கும் பணிக்கும் முழு வரவேற்பு. வாக்குறுதியும் வாக்கும் பதவியும் கிடையாது. இதை அவர்களிடம் முதலிலேயே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். சேர்த்துக்கொண்டு பின்னர் தேர்தல் அன்று "நீங்கள் வாக்களிக்க முடியாது" என்பதுதான் அவமதிப்பு.

திருமணம் ஆலயத்தில் நடக்காதவர்கள், பிரிந்து வாழ்கிறவர்கள் பற்றிய கேள்வி வந்தால் நிர்வாகக் குழு விசாரணை நடத்த வேண்டாம். அது பங்குத்தந்தையிடம் தனியாகப் பேச வேண்டிய விடயம். கூட்டறிக்கையில் அதைப் பற்றி ஒரு சொல்கூட ஏறக் கூடாது. பொதுவாகவே, ஒருவரின் மனச்சாட்சியைத் திறந்து காட்டச் சொல்லும் உரிமை எந்தப் பொதுநிலைத் தலைவருக்கும் இல்லை. "உங்கள் பாவங்களை இங்கே பகிருங்கள்" என்று அழைக்கும் குழுவிலிருந்து எழுந்து வந்துவிடலாம். பாவ மன்னிப்புக்கு ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. அங்கே கேட்பவரின் வாய் முத்திரையிடப்பட்டது.

இன்னொரு உள்ளூர் நிலைமை. கச்சான் காற்று (தென்மேற்குப் பருவக்காற்று) வீசும் காலத்தில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்திலிருந்து கிழக்குக் கரைக்கு வரும் மீனவக் குடும்பங்களில் கத்தோலிக்கர் பலர். அவர்கள் ஊரில் அதே அமைப்பின் உறுப்பினராக இருந்தால், சொந்தப் பங்கிலிருந்து ஒரு கடிதத்துடன் பருவகால உறுப்பினராக ஏற்றுக்கொள்ளுங்கள். வாக்குரிமை அவர்கள் ஊரில் இருக்கட்டும். ஒருவர் பல அமைப்புகளில் சேரலாம் என்று இலக்கம் 307 அனுமதிக்கிறது. ஆனால் நான்கு அமைப்புகளில் பொறுப்பு வகிக்கும் ஒருவர் எந்த ஒன்றிலும் உருப்படியாக எதையும் செய்து நான் பார்த்ததில்லை. ஒருவருக்கு ஒரு தலைமைப் பதவி என்று எழுதிவிடுங்கள்.

6. பதிவேடும் விடுப்பும்

உறுப்பினர் பதிவேடு சலிப்பான வேலை. ஆயினும் தேர்தலே அதன் மேல்தான் நிற்கிறது. முழுப் பெயர், பயிலுநரான தேதி, வாக்குறுதித் தேதி, புதுப்பித்த தேதிகள், இவை போதும்.

மத்திய கிழக்கில் வேலைக்குப் போனவர், பிள்ளைகளோடு கொழும்புக்குக் குடிபெயர்ந்தவர், நீண்டகால நோயாளர் ஆகியோரை "விடுப்பில்" என்ற தனிப் பட்டியலுக்கு மாற்றுங்கள். அவர்கள் உறுப்பினர்களே. ஆனால் கூட்ட நடப்பெண் (கூட்டம் செல்லுபடியாக வர வேண்டிய குறைந்தபட்சத் தொகை) கணக்கில் சேரமாட்டார்கள் என்று யாப்பில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஐம்பது பேர் பட்டியலில் இருப்பார்கள், முப்பது பேர் டோகாவிலும் குவைத்திலும் இருப்பார்கள், எந்தத் தேர்தலும் செல்லாது.

பதிவேட்டின் பிரதியைப் பங்கு அலுவலகத்தில் வையுங்கள்; ஒளிப்படம் எடுத்து இருவரின் தொலைபேசியிலும் வையுங்கள். 1990 போர், 2004 டிசம்பர் 26 சுனாமி, 2006 மூதூர் மோதல் என்று இந்த மாவட்டம் எத்தனை தடவை கையில் கிடைத்ததை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடியது என்பதை இங்குள்ளவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

7. பதவிகள், குருவானவரின் இடம்

சிறு குழுவுக்கு ஐந்து பேர் போதும்: தலைவர், உபதலைவர், செயலாளர், பொருளாளர், உருவாக்கப் பொறுப்பாளர். கடைசிப் பதவியைப் பெரும்பாலான குழுக்கள் மறந்துவிடுகின்றன, பதிலாக "போசகர்" என்று நான்கு பெரிய மனிதர்களைப் போடுகின்றன. பிரான்சிஸ்கன் சபையின் ஒழுங்கில் இந்த ஐந்தும் உண்டு, போசகர் இல்லை.

பங்குத்தந்தையோ வேறு குருவோ ஆன்மீக இயக்குநராக இருப்பார். அவர் தலைவர் அல்லர். குருக்களுக்கென்றே உள்ள அமைப்புகளைத் தவிர மற்றவற்றில் பொதுநிலையினர் தலைமை வகிக்கலாம் என்றும், யாப்பு வேறுவிதமாகச் சொன்னாலன்றி ஆன்மீக இயக்குநர் அந்தப் பதவியை எடுக்கக் கூடாது என்றும் இலக்கம் 317 சொல்கிறது. நம் ஊரில் இதை மீறுவது பெரும்பாலும் குருவானவர் அல்லர், நாம்தான். "ஃபாதர் என்ன சொல்கிறாரோ அதுவே" என்று முடிவுகளை எல்லாம் அவர் தலையில் கட்டிவிட்டு, அவர் மாற்றலாகிப் போனதும் குழுவும் நின்றுபோகும். மறையுண்மை, வழிபாடு, ஒழுக்கம் பற்றிய விடயங்களில் அவர் சொல்லே இறுதி. தேநீருக்கு யார் பால் வாங்குவது என்பது உங்கள் வேலை.

அதே இலக்கத்தின் இன்னொரு பிரிவு, அரசியல் கட்சிகளில் தலைமைப் பொறுப்பு வகிப்பவர்கள் நேரடியாகத் திருத்தூதுப் பணிக்காக உள்ள பொது அமைப்புகளின் தலைவராகக் கூடாது என்கிறது. தனிப்பட்ட அமைப்புக்கும் இதை எழுதிவைப்பது நல்லது. வேட்பாளராக நியமனப் பத்திரம் கொடுத்த நாளிலிருந்து பதவி தானாக நீங்கும் என்று ஒரு வரி போதும். உள்ளூராட்சித் தேர்தல் நேரத்தில் இந்த வரியின் அருமை தெரியும்.

8. தேர்தல் நாள்

இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் யாப்பு வேறுவிதமாகச் சொல்லாத இடங்களில் சட்டக் கோவையின் தேர்தல் விதிகளைப் பின்பற்றுங்கள். நன்றாக யோசித்து எழுதப்பட்டவை.

அழைப்பு. வாக்குரிமை உள்ள ஒவ்வொருவரையும் அழைக்க வேண்டும் (இலக்கம் 166). ஒருவர் அழைக்கப்படாமல் விடுபட்டு அதனால் வராமல் போனால் தேர்தல் செல்லும். ஆனால் தேர்தல் பற்றி அறிந்து மூன்று நாட்களுக்குள் அவர் முறையிட்டு, விடுபட்டதும் வராததும் நிரூபணமானால் அதை இரத்துச் செய்ய வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் விடுபட்டால், அவர்கள் எப்படியோ வந்திருந்தாலன்றி, தேர்தலே செல்லாது. "வாட்ஸ்அப்பில் போட்டோமே" என்பது போதாது. எல்லோரிடமும் அந்த வகைத் தொலைபேசி இல்லை. இரண்டு வாரங்களுக்கு முன் கடிதம் கொடுத்துக் கையொப்பம் வாங்குங்கள், இரண்டு ஞாயிறுகளில் ஆலயத்திலும் அறிவியுங்கள்.

நேரம். கடலுக்குப் போகிறவர்கள் இருக்கும் பங்கில் இரவுக் கூட்டம் வேண்டாம். ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்த கையோடு வையுங்கள். வாடை மழை கொட்டும் மாதங்களையும், ஓகஸ்டில் மடுத் திருவிழாவுக்குப் பாதிப் பங்கு புறப்படும் வாரத்தையும் தவிருங்கள். கிராமங்களிலிருந்து வருகிறவர்களுக்கு பஸ் நேரம் பார்த்துத் தொடங்குங்கள். கடைசி பஸ்ஸுக்காகப் பாதியில் எழுந்து போனவர்களின் வாக்கை யாரும் ஈடுசெய்ய முடியாது.

எண்ணிக்கை. அழைக்கப்பட வேண்டியவர்களில் பெரும்பான்மையோர் வந்திருக்க வேண்டும். வந்தவர்களில் அறுதிப் பெரும்பான்மை பெறுபவர் தெரிவாவார் (இலக்கம் 119). முப்பது பேரை அழைக்க வேண்டியிருந்தால் பதினாறு பேராவது வர வேண்டும். இருபத்தொரு பேர் வந்தால் வெல்வதற்குப் பதினொரு வாக்கு வேண்டும். ஒருவருக்கு ஒன்பது, மற்றொருவருக்கு ஏழு, வேறொருவருக்கு ஐந்து என்றால் ஒன்பது பெற்றவர் வெல்லவில்லை. மீண்டும் வாக்களியுங்கள். இரண்டு சுற்றிலும் முடிவில்லையென்றால் கூடிய வாக்குப் பெற்ற இருவருக்கிடையே மட்டும் மூன்றாம் சுற்று. அதிலும் சமமானால் வயதில் மூத்தவர் தெரிவாவார். பிரான்சிஸ்கன் சபை இவ்விடத்தில் வயதுக்குப் பதில் அர்ப்பணத்தில் மூத்தவரைப் பார்க்கிறது. எனக்கு அதுவே பிடிக்கிறது. பிறந்த ஆண்டைவிட சேர்ந்த ஆண்டு இங்கே பொருத்தம்.

வாக்குச் சீட்டு. வாக்கு சுதந்திரமாகவும் இரகசியமாகவும் ஐயத்துக்கு இடமின்றியும் இருக்க வேண்டும் (இலக்கம் 172). கை உயர்த்துவது இரகசியம் அல்ல. "ஏகமனதாகத் தெரிவுசெய்கிறோம்" என்று ஒருவர் எழுந்து சொல்ல மற்றவர்கள் கைதட்டுவதும் தேர்தல் அல்ல. நம் பங்குகளில் நடக்கும் அநேக தெரிவுகள் இந்தக் கைதட்டலில் முடிகின்றன. வேண்டாம் என்று நினைத்தவரும் கைதட்டத்தானே வேண்டும்? யாப்பில் இடம் தராவிட்டால் கடிதம் மூலமோ பதிலாள் மூலமோ வாக்களிக்க முடியாது (இலக்கம் 167). இடம் தராதீர்கள். மூன்று பேரின் வாக்கைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வருபவரை அது உருவாக்கும்.

எண்ணுதல். குறைந்தது இரண்டு பேர் எண்ண வேண்டும். முதலில் சீட்டுகளின் தொகையைப் பாருங்கள். வாக்காளர்களைவிட ஒரு சீட்டுக் கூடினாலும் அந்தச் சுற்று செல்லாது (இலக்கம் 173). ஒவ்வொரு சுற்றின் விபரத்தையும் செயலாளர் எழுதி, அவரும் தலைமை தாங்கியவரும் எண்ணியவர்களும் ஒப்பமிட வேண்டும். பதவியில் இருக்கும் தலைவர் போட்டியிட்டால் கூட்டத்துக்கு வேறொருவர் தலைமை தாங்கட்டும்.

தெரிவானவர் எட்டு நாட்களுக்குள் ஏற்பதா இல்லையா என்று சொல்ல வேண்டும் (இலக்கம் 177). அந்த அவகாசத்தைக் கொடுங்கள். வீட்டில் பேசாமல் மேடையில் தலையாட்டிய பலர் ஒரு மாதத்தில் இராஜினாமாக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள்.

9. எவ்வளவு காலம்?

மூன்று ஆண்டு, தொடர்ச்சியாக இரண்டு தடவை. இதுவே என் பரிந்துரை. மரியாயின் சேனையில் பொறுப்பாளரின் காலம் மூன்று ஆண்டு, இன்னொரு மூன்றுக்குப் புதுப்பிக்கலாம். பிரான்சிஸ்கன் சபையில் தலைவருக்கும் உபதலைவருக்கும் மூன்றாம் தொடர் தவணை வேண்டுமானால் முதற் சுற்றிலேயே மூன்றில் இரண்டு வாக்குப் பெற வேண்டும், நான்காவது கிடையாது. பதவி முடிந்த தலைவர் உடனே உபதலைவராகவும் முடியாது. இந்தக் கடைசி விதியை எழுதியவருக்கு மனிதரை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

2021 ஜூனில் வத்திக்கானின் பொதுநிலையினர், குடும்பம், வாழ்வுக்கான திருப்பீட அவை சர்வதேச அமைப்புகளின் மத்திய நிர்வாகத்துக்கு ஓர் ஆணை பிறப்பித்தது. ஒரு தவணை ஐந்து ஆண்டைத் தாண்டக் கூடாது, தொடர்ச்சியாகப் பத்து ஆண்டைத் தாண்டக் கூடாது. ஒருவரைச் சுற்றியே அமைப்பு சுழலும்போது உரிமை மீறல்களும் துர்ப்பிரயோகமும் நேர்கின்றன என்பதே காரணம். பங்குக் குழுவை அந்த ஆணை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் "என்னைவிட்டால் ஆளில்லை" என்று சொல்லும் தலைவரிடம் அதை வாசித்துக் காட்டலாம். ஆறு ஆண்டில் ஓர் ஆளைக்கூட உருவாக்கவில்லை என்றால், அதுவே அவர் இறங்குவதற்குப் போதுமான காரணம்.

10. காசு

வங்கிக் கணக்கு அமைப்பின் பெயரில், ஒருவரின் பெயரில் அல்ல. மூவரில் இருவர் ஒப்பமிட வேண்டும். அந்த மூவரில் கணவன் மனைவியோ உடன்பிறந்தோரோ சேர்ந்து இருக்கக் கூடாது. ஒவ்வொரு ரூபாய்க்கும் பற்றுச்சீட்டு. நிர்வாகத்தில் இல்லாத இருவர் ஆண்டுக்கொரு தடவை கணக்காய்வு செய்ய வேண்டும். குறிப்பிட்ட நோக்கத்துக்காகத் தரப்பட்ட காணிக்கையை அந்த நோக்கத்துக்கே செலவிட வேண்டும் என்பது இலக்கம் 1267. இலண்டனிலிருந்தும் டொரொன்டோவிலிருந்தும் உறவினர் நோயாளருக்கென்று அனுப்பிய காசில் கொடிமர வர்ணம் பூசக் கூடாது. சந்தா கட்ட முடியாதவரை நீக்கும் விதி வேண்டாம். குழுவுக்குள் சீட்டுப் பிடிப்பதற்கு முழுத் தடை வேண்டும்.

11. ஒழுங்கு மீறலும் நீக்குதலும்

முறையாகச் சேர்ந்த ஒருவரைத் தகுந்த காரணமின்றி, சட்டமும் யாப்பும் சொல்லும் வழியன்றி நீக்கக் கூடாது (இலக்கம் 308). ஆகவே "உடனடியாக நீக்கப்படுகிறார்" என்று வாட்ஸ்அப்பில் போடும் அறிவித்தல் செல்லாது. வழியை மத்தேயு 18:15-17 ஏற்கெனவே காட்டியிருக்கிறது: முதலில் தனியாக, பின்னர் ஓரிருவரோடு, அதன் பின்னரே சபையில். அதை அப்படியே யாப்பில் எழுதலாம். முதலில் தலைவர் தனியே பேச வேண்டும். பிறகு காரணம் குறித்த எழுத்து மூல எச்சரிக்கை. பிறகு அவர் தரப்பைக் கேட்க நிர்வாகக் குழுக் கூட்டம். விரும்பினால் ஒருவரை அவர் கூட அழைத்து வரலாம். முடிவு எழுத்தில், முப்பது நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம் என்ற குறிப்போடு. குற்றச்சாட்டு தலைவர் மீதென்றால் பேச வேண்டியவர் உபதலைவர்.

சிறுவர்கள் சம்பந்தப்பட்ட முறைப்பாடு இந்தப் படிகளுக்குள் வராது. அங்கே தனியாகப் பேசிப் பார்ப்பது, சமாதானம் செய்வது எதுவும் கிடையாது. அன்றே தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 தொலைபேசி இலக்கத்துக்கோ பொலிஸுக்கோ சொல்ல வேண்டும், மறைமாவட்டத்துக்கும் அறிவிக்க வேண்டும். விசாரணை முடியும்வரை சம்பந்தப்பட்டவர் எந்தப் பணியிலும் இருக்கக் கூடாது. திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் வெளியிட்ட பாதுகாப்பு விதிகள் 2023இல் திருத்தப்பட்டபோது, திருப்பீடம் அங்கீகரித்த சர்வதேச அமைப்புகளின் பொதுநிலைத் தலைவர்களும் அவற்றுக்குள் கொண்டுவரப்பட்டார்கள். தலைவர் குருவானவர் அல்லர் என்பது தப்பிக்கும் வழியல்ல. சிறுவரோடு ஒரு பெரியவர் தனியே இருக்கக் கூடாது, எப்போதும் இருவர் என்ற விதியை முதல் நாளிலிருந்தே நடைமுறைப்படுத்துங்கள்.

12. கையளிப்பும் கலைப்பும்

புதிய நிர்வாகம் பொறுப்பேற்று பதினான்கு நாட்களுக்குள் பதிவேடு, கூட்டறிக்கைப் புத்தகம், வங்கிப் புத்தகம், பற்றுச்சீட்டுப் புத்தகங்கள், முத்திரை, அலுமாரித் திறப்பு, வாட்ஸ்அப் குழுவின் நிர்வாக உரிமை அனைத்தும் பட்டியலிட்டு ஒப்பமிட்டுக் கையளிக்கப்பட வேண்டும். கடைசியாகச் சொன்னதைச் சிரிக்காமல் எழுதுங்கள். திறப்பைத் தந்தவர்கள்கூட அதைத் தருவதில்லை.

குழு ஒருநாள் நின்றுபோகலாம். ஆயரின் ஆணையால் சட்ட ஆளுமை பெற்ற அமைப்பு நூறு ஆண்டுகள் செயற்படாவிட்டால் தானாக இல்லாமற்போகும் என்கிறது இலக்கம் 120. அவ்வளவு காலம் யாரும் காத்திருக்க வேண்டாம். முழு உறுப்பினர் தொகை ஐந்துக்குக் குறைந்து ஓராண்டு கடந்தால் கலைப்பதா என்று பொதுக்கூட்டம் தீர்மானிக்கும் என்று எழுதுங்கள். மிஞ்சும் காசும் பொருட்களும் எங்கே போகும் என்பதையும் இப்போதே பெயர் குறித்து எழுதிவிடுங்கள்: கொடுத்தவர்களின் விருப்பத்துக்கு மாறாகாமல், அதே நோக்கமுள்ள இன்னொரு பங்குக் குழுவுக்கு, அது இல்லையேல் பங்கின் ஏழைகள் நிதிக்கு. கணக்கின் இறுதிப் பிரதியும் பதிவேடும் பங்கு அலுவலகத்துக்கு.

வரைவு முடிந்ததும் முழு உறுப்பினர்கள் கூடி ஒவ்வொரு விதியாக உரக்க வாசித்து நிறைவேற்றுங்கள். பங்குத்தந்தையின் குறிப்புடன் இரண்டு பிரதிகளை ஆயரகத்துக்கு அனுப்புங்கள். பதில் வருவதற்குச் சில மாதங்கள் ஆகலாம். திருத்தங்களும் வரும். அதுவரை முதற் கட்டத்து விருந்தினர்களை வரவேற்றுக்கொண்டிருக்கலாம்.